கண்ணாடிக்காரர் வீட்டு ஜன்னல்

அந்தச் சத்தம் கேட்டபோது கண்ணாடிக்காரர் அடுப்படியில் பால் பொங்கி வழியாமல் காவல் காத்துக்கொண்டு நின்றார். பெரிய சத்தமில்லை. ஈரத் துணியைச் சுவரில் விட்டெறிந்ததுபோல ஒரு ‘தொப்’. அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூட மாட்டாமல், பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குள் போனார்.

ஜன்னலுக்குக் கீழே, சாமந்திப் பாத்தியில் அது கிடந்தது. இந்த வசந்தத்தில் இது நாலாவது. முதல் மூன்றும் சிட்டுகள். எங்கிருந்தோ வந்தவை, தனியாக அடையாளம் தெரியாதவை. இது அப்படியல்ல. தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் ஒரு பொட்டுச் சிவப்பு, வாலில் ஒரு இறகு குறைவு. இது அதிகாரி.

பேர் வைத்தவள் அவர் மனைவி. கொண்டைக்குருவி ஜோடியில் ஆண், கூட்டுக்குள் நேராகப் போகாது. மின்கம்பியில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பி, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று தணிக்கை பார்த்துவிட்டுத்தான் இறங்கும். அதனால் அது அதிகாரி. பெண் குருவிக்கு வெறுமனே வீட்டுக்காரி என்று பேர்.

கண்ணாடிக்காரர் அதைக் கையில் எடுத்தார். இன்னும் சூடு இருந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். கட்டிலிலிருந்து பார்த்தால் அந்த மூலை தெரியாது. தோட்டத்தில் எது தெரியும், எது தெரியாது என்று அவருக்கு அங்குலக் கணக்கில் தெரியும். அவள் தலையணை உயரத்தை அளந்து அந்த ஜன்னலை வைத்தவரே அவர்தானே.

"என்னங்க, என்ன சத்தம்?" உள்ளேயிருந்து தூக்கம் கலையாத குரல். காலை மாத்திரை அவளை எட்டு மணி வரை அரை மயக்கத்தில் வைத்திருக்கும்.

"பின்கதவு. காத்துல அடிச்சுக்கிச்சு."

"காத்தா? வெளிய ஒரு இலைகூட ஆடலையே."

"அப்ப நான்தான் அடிச்சிருப்பேன். எந்திரி, டீ கொண்டாரேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. பக்கத்தில் காற்று கொடுக்கும் இயந்திரம் புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டது. அவர் கையைக் கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

முப்பத்துநாலு வருஷமாகக் கண்ணாடி அறுத்த கை அது. வலது ஆள்காட்டி விரலில் மூன்று தழும்பு, இடது உள்ளங்கையில் ஒன்று. ஊரில் பாதிக் கடைகளின் முகப்பில் அவர் போட்ட கண்ணாடிதான் நிற்கிறது. "அவரு போட்ட கண்ணாடியா இருந்தா மூக்கு இடிச்சாத்தான் கண்ணாடின்னு தெரியும்" என்று சொல்வார்கள். வேலை முடிந்ததும் மற்றவர்கள் ஒரு துணியால் துடைத்துவிட்டுப் போவார்கள். இவர் போகமாட்டார். முதலில் வினிகர், அப்புறம் நல்ல தண்ணீர், அப்புறம் காகிதம். கடைசியில் நாலடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, கைரேகை ஒன்று மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார். கண்ணாடி இருப்பதே தெரியக்கூடாது. அதுதான் அவருடைய கௌரவம்.

மனைவி இருபத்திரண்டு வருஷம் பார்சல் அலுவலகத்தில் முகவரி பிரித்தாள். ஜன்னலே இல்லாத அடித்தள அறை, பகலிலும் குழல்விளக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். பேரி மரம், ஏறுகொடி ரோஜா, ஊதாப் பூக் கொடி எல்லாம் அவள் வைத்ததுதான். "எனக்கு மூச்சு அங்கதான் இருக்கு" என்பாள்.

அந்த மூச்சுதான் போன வருஷம் அவளைக் கைவிட்டது. நுரையீரல் சுருங்கிப்போனது. பூத்தூள் கொஞ்சம் காற்றில் வந்தாலும் நெஞ்சு அடைத்துவிடும். இரண்டு தடவை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "ஜன்னல் கதவு எதையும் திறக்காதீங்க" என்று இருவரிடமும் சொன்னார். அப்புறம் தாழ்வாரத்தில் கண்ணாடிக்காரரைத் தனியே கூப்பிட்டு, "இந்த வசந்தத்த நல்லா வச்சுக்குங்க. அடுத்ததுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது" என்றார்.

அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. பதிலாகச் சுவரை இடித்தார். கம்பி வைத்த இரண்டு சின்ன ஜன்னல்களையும் நடுச் சுவரையும் எடுத்துவிட்டு, ஆறடிக்கு ஐந்தடியில் குறுக்குச் சட்டமில்லாத ஒரே கண்ணாடி. திறக்காது, தூசி நுழையாது, தோட்டம் மொத்தமும் அறைக்குள். துடைத்து முடித்து அவளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தபோது அவள் ஊதாப் பூவைத் தொடக் கையை நீட்டினாள். விரல் கண்ணாடியில் முட்டியது. திரும்பி அவரைப் பார்த்து, "பாவி மனுஷா" என்றாள். அவருக்கு வாழ்நாளில் கிடைத்த பெரிய பாராட்டு அது.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பேரி மரம் வெள்ளை வெளேரென்று பூத்தது. அவள் கட்டிலிலிருந்தபடியே ஒரு குச்சியை நீட்டி, "அந்தக் காஞ்ச கிளைய வெட்டுங்க, இல்ல, அதுக்குப் பக்கத்துல, ஐயோ, அது இல்ல" என்று வேலை வாங்கினாள். ஜன்னலின் இடது ஓரக் கொடியில் கொண்டைக்குருவிகள் கூடு கட்டின. மூன்று முட்டை. அவள் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள்: இன்று குஞ்சு பொரித்தது, இன்று கண் திறந்தது.

மரம் இலைவிட்டதும் சிட்டுகள் மோத ஆரம்பித்தன.

ஏன் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது சிட்டு விழுந்த அன்று மரத்தடியில் ஏணியைப் போட்டு ஏறி நின்று ஜன்னலைப் பார்த்தார். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை வெயில் சாய்வாக விழும் அந்த நேரத்தில் அங்கே ஜன்னல் இல்லை. இன்னொரு பேரி மரம் இருந்தது. இன்னொரு வானம், இன்னொரு ரோஜாக் கொடி. கண்ணாடி எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நிஜமாக. தான் போட்ட கண்ணாடியை எல்லாம் உள்ளேயிருந்து பார்க்கிறவர்களின் கண்ணாலேயே பார்த்துப் பழகிய மனிதர் அவர்.

அவளிடம் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். "மூடுங்க" என்பாள். இரண்டாவது வார்த்தையே இருக்காது. இந்த ஒரு வசந்தத்தைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கழிப்பாள். அவர் சொல்லவில்லை. கண்ணாடி துடைப்பதை மட்டும் நிறுத்தினார். அழுக்கேறினால் பிம்பம் மங்கும். அழுக்கு மெதுவாகத்தான் ஏறியது. அதற்குள் அதிகாரி போய்விட்டது.

"அதிகாரியக் காணோம்" என்றாள் இரண்டாம் நாள்.

"மாத்தல் ஆயிருக்கும்."

"பொண்டாட்டி புள்ளைங்கள விட்டுட்டா?"

"அதிகாரின்னா அப்படித்தான்."

அவள் சிரிக்கவில்லை. நோட்டைப் பிரித்துக் காட்டினாள். "முன்னெல்லாம் மணிக்கு இருபது தடவ இரை வரும். இப்ப பதினொண்ணு. பாவம், இவ ஒருத்தியே அலையறா. ரெண்டு நாள்ல குஞ்சு வெளிய வந்துரும். அதுவரைக்கும் இவளுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும்."

வீட்டுக்காரி ஒவ்வொரு தடவையும் அந்தக் கண்ணாடியின் குறுக்கேதான் பறந்தது. அன்று சாயங்காலம், மனைவி கண்ணயர்ந்த நேரம் பார்த்து, கண்ணாடிக்காரர் ஒரு வாளியில் மண்ணைக் கரைத்து ஜன்னலின் வெளிப்புறத்தில் தெளித்தார். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு கண்ணாடியை அவர் அழுக்காக்கியது அதுதான் முதல் தடவை. கை கேட்கவில்லை, தெளித்த இடத்தைத் துடைக்கத் துணியைத் தேடியது.

மறுநாள் காலையில் அவளுக்கு எரிச்சலான எரிச்சல். "ஊரு கண்ணாடியெல்லாம் பளபளன்னு வச்சிட்டு வீட்டுல பாரு, பன்னி புரண்ட மாதிரி. துடைக்கக் கூடாதா?"

"ஞாயித்துக்கிழம துடைக்கறேன்."

"ஞாயித்துக்கிழம குஞ்சு இருக்காது."

அவர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

அதற்கு மறுநாள் புதிய கட்டடமொன்றில் வாசல் கண்ணாடி ஏற்ற வேண்டியிருந்தது. பத்தடி உயரம், வெயில் ஏறினால் காற்றும் ஏறும் என்பதால் ஆறரைக்கே கிளம்ப வேண்டும். மனைவியின் தங்கை, எல்லோருக்கும் சின்னவள், துணைக்கு வந்திருந்தாள். கிளம்பும்போது கண்ணாடிக்காரர் அவளைத் தனியே அழைத்து, "ஜன்னல் பக்கம் மட்டும் கைய வைக்காத" என்றார்.

"ஏன் அத்தான், தொழில் ரகசியமா?"

"சொன்னா கேளும்மா."

"சரி சரி. உங்க ஜன்னல், உங்க அழுக்கு."

ஏழேமுக்காலுக்கு, கண்ணாடியைத் தூக்கும் முன், மனது கேட்காமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

"அத்தான், திட்டக் கூடாது." சின்னவளின் குரலில் உற்சாகம். "அக்கா ஒரேயடியா அழுதுட்டா. இன்னைக்குக் குஞ்சு பறக்கப் போவுதாம், ஒண்ணுமே தெரியலையாம். அதான் நானே வாளியத் தூக்கிட்டுப் போயிட்டேன். வினிகர் போட்டு, பேப்பர் போட்டு, உங்க முறைப்படியே துடைச்சிருக்கேன். இப்ப வந்து பாருங்க, கண்ணாடியே இல்லாத மாதிரி இருக்கு."

"குஞ்சு?"

"ஒண்ணு கூட்டு விளிம்புல நிக்குது. றெக்கைய அடிச்சு அடிச்சுப் பாக்குது. அம்மாக்காரி மரத்துல உக்காந்து கூப்பிடறா."

"ஒரு போர்வைய எடுத்து வெளிப்பக்கமா ஜன்னல மூடு. இப்பவே."

"மூடவா? அக்கா மாத்திரையக்கூடப் போடாம ஒரு மணி நேரமா தலைகாணிய முட்டுக் குடுத்து உக்காந்திருக்கா அத்தான். நான் மூடினா என்னைய இல்ல கொன்னுடுவா!"

"அதுங்க கண்ணாடில—" என்று ஆரம்பித்தவருக்கு, போனில் மனைவியின் குரல் அருகே கேட்டது. "யாருடி? அவரா? வரச் சொல்லு, சீக்கிரம் வரச் சொல்லு." அவர் வாயை மூடிக்கொண்டார். "நான் வரேன்" என்று மட்டும் சொன்னார்.

வருவது அவ்வளவு லேசாக இல்லை. இதற்குள் ஆட்கள் கண்ணாடியைக் கிடையிலிருந்து நிமிர்த்திவிட்டார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் பிடிகள் கவ்வியிருந்தன. ஒரு பிடி அவருடையது. எதிர்ப்பக்கம் ஏணி. ஆளின் உயரத்துக்கு வந்த பட்டப்பேர். இருபது வருஷக் கூட்டாளி. நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியை விட்டுவிட்டு யாரும் எங்கும் போக முடியாது. கீழ்ச் சட்டத்தில் இறக்கி, ரப்பர் கட்டை வைத்து, மேலே விளிம்பை இறுக்கும் பீடிங் பட்டையை அடித்து முடியும்வரை கை கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும்.

"அண்ணே, உங்க பக்கம் சாயுது" என்றான் ஏணி.

"தெரியும். தூக்கு."

"அண்ணி நல்லாத்தானே இருக்காங்க?"

"தூக்குடா."

பதினைந்து நிமிஷம். ஒவ்வொரு நிமிஷமும் கூட்டு விளிம்பில் நின்று சிறகை அடித்தது. கடைசிப் பீடிங் உட்கார்ந்ததும் ஏணி அவரைப் பார்த்து, "நீங்க போங்கண்ணே, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான். சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் டப்பாவைத் திறந்து, சாக்பீஸ் பொடியைக் கரைத்த வெள்ளையில் தூரிகையைத் தோய்த்து, புதுக் கண்ணாடியின் குறுக்கே பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டான். புதிதாகப் போட்ட கண்ணாடியை வெறுமையாக விடக்கூடாது. சாமான் தூக்கி வருகிறவன் வழி இருக்கிறதென்று நினைத்து நேரே வந்துவிடுவான். தொழிலில் முதல் நாள் தெரிந்துகொள்கிற சங்கதி. கண்ணாடிக்காரர் ஆயிரம் கண்ணாடிக்கு அந்தக் குறியைப் போட்டிருக்கிறார். ஒரே ஒரு கண்ணாடிக்குப் போடவில்லை. அவள் பார்க்கக் காத்திருக்கிறாள் என்று அன்றே துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டார்.

"அந்த டப்பாவக் குடு" என்றார்.

ஸ்கூட்டரில் டப்பாவைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவர் வந்த வேகத்தில் பேன்ட்டெல்லாம் வெள்ளை. வீட்டுக்குள் போகவில்லை, பக்கச் சந்து வழியே நேராகத் தோட்டத்துக்குள் ஓடினார். மணி எட்டு இருபது. வெயில் அந்தக் கோணத்தில்தான் நின்றது. ஜன்னலில் பேரி மரம் இலை இலையாக நின்றது. கீழே சாமந்திப் பாத்தியைப் பார்க்கப் பயந்து பயந்து பார்த்தார். ஒன்றும் இல்லை.

கூட்டில் இரண்டு தலை தெரிந்தது. மூன்றாவது, கொடியின் நுனியில், பந்துபோல உப்பிக்கொண்டு ஆடியது. மரத்திலிருந்து வீட்டுக்காரி விடாமல் கூப்பிட்டது.

அவர் தூரிகையைத் தோய்த்து இழுத்தார். மேலிருந்து கீழே ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. கண்ணாடிக்குள் இருந்த பொய் மரம் துண்டு துண்டானது. கோட்டுக்கு அந்தப் பக்கம், தலையணையில் சாய்ந்தபடி அவள் தெரிந்தாள். முதலில் வாயைத் திறந்தாள். அப்புறம் கையை ஆட்டினாள்: வேண்டாம், வேண்டாம். அவர் நிறுத்தவில்லை. நாலாவது கோடு, ஐந்தாவது. அவள் குச்சியை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டுவது தெரிந்தது. பாதி ஜன்னல் இன்னும் வெறுமையாக இருந்தது.

கொடியின் நுனி விருட்டென்று மேலே எழும்பியது.

குஞ்சுக்குப் பறக்கத் தெரியவில்லை. விழாமல் இருக்க மட்டும் தெரிந்தது. அம்மா கூப்பிடும் மரத்தை நோக்கித்தான் கிளம்பியது. நடுவில் தடுமாறி, பக்கத்தில் பளிச்சென்று தெரிந்த இன்னொரு மரத்தின் பக்கம் திரும்பியது. கண்ணாடிக்காரர் தூரிகையை எறிந்துவிட்டு, வெறுமையாக இருந்த பாதிக் கண்ணாடியின் மேல் அப்படியே சாய்ந்து, இரண்டு கையையும் விரித்து ஒட்டிக்கொண்டார். கன்னம் கண்ணாடியில் நசுங்கியது. முதுகில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பஞ்சு உருண்டை வந்து மோதியது. சட்டையைச் சின்ன நகங்கள் பற்றின.

அவர் அசையவில்லை. மூச்சைக்கூட விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம். சின்னவள் தோளில் தாங்கிக்கொண்டு வர, அவள் காற்றுக்குழாயோடு ஜன்னல்வரை நடந்து வந்திருந்தாள். நாலு மாதத்தில் அவள் நடந்த அதிக தூரம் அது. ஒரு சாண் இடைவெளியில் அவரைப் பார்த்தாள். அவர் முதுகில் இருப்பது அவளுக்குத் தெரியாது. அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. வெள்ளை அப்பிய, வியர்த்த, அழுகிற முகம்.

மரத்திலிருந்து வீட்டுக்காரி இன்னொரு தடவை கூப்பிட்டது. முதுகில் இருந்த கனம் ஒரு உந்து உந்திவிட்டுப் போய்விட்டது. அவர் திரும்பிப் பார்த்தபோது பேரி மரத்தின் அடிக்கிளையில் இரண்டு கொண்டைகள் இருந்தன.

உள்ளே வந்தவரை அவள் உட்காரச் சொல்லவில்லை. அவர் முதுகிலிருந்து குஞ்சு எழும்பியதை அவள் பார்த்துவிட்டிருந்தாள். மூச்சு திரும்பும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி எத்தன?"

"நாலு."

"அதிகாரி?"

அவர் தலையைக் குனிந்தார். சின்னவள் ஒருதரம் ஜன்னலைப் பார்த்தாள், ஒருதரம் தான் கசக்கிப் போட்ட காகிதங்களைப் பார்த்தாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"மாத்தல் ஆயிட்டான்னு சொன்னீங்க. நானும் அவனத் திட்டிக்கிட்டுக் கிடந்தேன். பொறுப்பில்லாதவன்னு."

"நீ பாக்கணும்னுதான்..."

"என்னத்தப் பாக்கணும்? நான் பாத்துக்கிட்டு இருக்கற ஜன்னல்லயே அதுங்க செத்துக்கிட்டு இருந்திருக்கு. கதவு அடிச்சுதுன்னீங்க. நான் நம்பினேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். "வேற என்ன கதவு அடிச்சுது? டாக்டர் உங்கள வராண்டாவுக்குக் கூப்பிட்டாரே, அது என்ன?"

இயந்திரம் புஸ் புஸ்ஸென்றது. கண்ணாடிக்காரர் கட்டிலின் காலடியில் உட்கார்ந்தார். சொன்னார். சொல்லி முடிக்க நாலு வாக்கியம்கூட ஆகவில்லை.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பாதி கோடு, பாதி தோட்டம். ரோஜா தெரிந்தது, பேரி மரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தது.

"மீதியும் போடுங்க" என்றாள்.

"கூட்டுல ரெண்டு குஞ்சுதான் இருக்கு. அதுவும் போனதும் அழிச்சிடறேன். ரெண்டு நாள்..."

"அப்புறம் சிட்டு வராதா? வேணாம். இருக்கட்டும். ஆனா நெருக்கிப் போடாதீங்க, எனக்கும் கொஞ்சம் விடுங்க. குருவி நுழையாத அளவு, நான் பாக்கற அளவு. கணக்கு உங்களுக்குத் தெரியுமே, கண்ணாடிக்காரர்தானே?"

அதில் கேலி இருந்ததா கோபம் இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. போய்ப் போட்டார். நாலு விரல் இடைவெளி. உள்ளேயிருந்து அவள் குச்சியால் காட்டினாள்: இன்னும் கொஞ்சம் இடது, அது கோணல்.

இரண்டாவது குஞ்சு அன்று சாயங்காலமே போய்விட்டது. கடைசி மட்டும் கூட்டை விட்டு நகரவில்லை. மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அவளும் மாத்திரையைத் தள்ளிப்போட்டாள். ஏழரைக்கெல்லாம் இருவரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அந்த ஒரு சத்தம் வந்துவிடக்கூடாதென்று இருவர் காதும் விறைத்து நின்றன. எட்டு. எட்டரை. டீ ஆடை கட்டியது.

எட்டே முக்காலுக்குக் கோடுகளுக்கு நடுவே ஏதோ ஓடியது. ஒரு இடைவெளியில் சிறகு, அடுத்ததில் வால், அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. சத்தம் வரவில்லை.

"எங்க போச்சு?" அவள் எக்கிப் பார்த்தாள். "எனக்குத் தெரியல. போங்க, போய்ப் பாருங்க. போன எடுத்துக்கிட்டுப் போங்க, அங்கிருந்தே சொல்லுங்க."

அவர் தோட்டத்துக்குப் போனார். காதில் போன். மறுமுனையில் அவளுடைய மூச்சும் இயந்திரத்தின் மூச்சும் மாறி மாறிக் கேட்டன.

"மரத்துல இருக்கா?"

அவர் தேடினார். மரத்தில் வீட்டுக்காரி மட்டும் இருந்தது. ரோஜாவுக்கு அடியில், ஈர மண்ணில், பழுப்பாக ஒன்று கிடந்தது. மரத்துல இருக்கு என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல" என்றார். "மரத்துல இல்ல. கீழ விழுந்து கிடக்கு."

மறுமுனையில் மூச்சு நின்று வந்தது. "அசையுதா?"

"இரும்மா. கிட்டப் போறேன்."

"போங்க."

அவர் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். "கண்ணு தொறந்திருக்கு. ஒரு றெக்க விரிஞ்சிருக்கு. அம்மாக்காரி கீழ இறங்கி வர்றா. வாயில புழு இருக்கு."

"வாயத் தொறக்குதா?"

"இன்னும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"சொல்லல. இன்னும் தொறக்கல. பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்காரர் ஈர மண்ணில் முழங்காலிட்டுக் குனிந்தார்.